எம்.ஏ. படித்துவிட்டுப் பேன் பார்த்தேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் உறைவிடப் பள்ளிகளில் உதவியாளர் வேலைக்குப் போகும் நம் ஊர்ப் பட்டதாரிகளைப் பற்றி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுதிய கடிதத்தை உங்கள் நாளிதழில் படித்தேன். எம்.ஏ. வரை படிக்கவைத்த பெண்ணை வெள்ளைக்காரப் பிள்ளைகளின் சாக்ஸ் மடிக்க அனுப்புவதா என்று கேட்டிருந்தார். 2023 செப்டம்பரிலிருந்து 2025 கோடை வரை அதே வேலையைப் பார்த்துவிட்டு வந்தவள் நான். சாக்ஸ் மடித்தது உண்மைதான். பேன்கூடப் பார்த்தேன்.

முதலில் ஐயாவோடு ஒத்துப்போகிற இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏஜென்ட்டுகளுக்கு லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். நூற்றுக்கு நூறு சரி. கோவையில் ஒருவர் என்னிடமே மூன்று லட்சம் கேட்டார். விசாவுக்கான குலுக்கலில் பெயர் வர 'ஏற்பாடு' செய்வாராம். குலுக்கலை நடத்துவது பிரிட்டன் அரசு. இந்திய இளம் தொழில்முறையாளர் விசா என்ற இந்தத் திட்டத்தில் ஆண்டுக்கு 3,000 இடங்கள். முதல் குலுக்கல் 2023 பிப்ரவரியில் நடந்தது. 18 வயது முடிந்து 31 ஆகாதவர்கள், பட்டம் பெற்றவர்கள், அரசின் இணையதளத்தில் பெயரும் பாஸ்போர்ட் விவரமும் கொடுத்தால் போதும். கட்டணம் ஒரு பைசா கிடையாது. கணினி யாரையோ எடுக்கும், யாரையோ விடும். இதில் ஏற்பாடு செய்ய என்ன இருக்கிறது?

பெயர் வந்த பிறகுதான் செலவு. நான் விண்ணப்பித்தபோது விசாவுக்கு 259 பவுண்டு, மருத்துவ வரியாக ஆண்டுக்கு 470 பவுண்டு என்று இரண்டு ஆண்டுக்கும் சேர்த்துக் கட்டினேன். 2024 பிப்ரவரியில் அந்த மருத்துவ வரி ஆண்டுக்கு 776 ஆகிவிட்டது. விசாக் கட்டணமும் 2025 ஏப்ரலில் 319 ஆனது. இது தவிர 2,530 பவுண்டு உங்கள் பெயரில் வங்கியில் தொடர்ந்து 28 நாள் கிடக்க வேண்டும். அன்றைய விலைக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல். எங்கள் வீட்டில் அது அம்மாவின் சீட்டுப் பணமும் சித்தியின் நகைக்கடனும். காட்டுவதற்கான பணம்தான், கட்டுவதற்கு இல்லை. ஆனாலும் அந்த 28 நாளும் அம்மா பாஸ்புக்கைத் தலையணைக்கு அடியில்தான் வைத்திருந்தார். அப்புறம் சென்னையில் காசநோய்ப் பரிசோதனை, பள்ளி கேட்ட போலீஸ் கிளியரன்ஸ், விமான டிக்கெட். இந்த விசாவுக்கு வேலை தரும் நிறுவனத்தின் ஸ்பான்சர் கடிதம் தேவையில்லை என்பதால், பள்ளிகளின் இணையதளத்தில் வரும் விளம்பரத்தைப் பார்த்து நீங்களே விண்ணப்பிக்கலாம். நான் அப்படித்தான் செய்தேன். கணினித் திரையில் இரண்டு நேர்காணல். இரண்டிலும் பாதிக் கேள்வி குழந்தைகள் பாதுகாப்பைப் பற்றியே இருந்தது.

நான் குன்னூர்க்காரி. மலையில் உள்ள உறைவிடப் பள்ளி ஒன்றில் அம்மா பல வருடம் ஆயாவாக இருந்தார். அதனால் போர்டிங் பள்ளி என்பது எனக்குப் புதிதல்ல. அதன் பின்வாசல் எனக்கு நன்றாகவே தெரியும். ஊட்டிப் பக்கம் லவ்டேலில் லாரன்ஸ் பள்ளி 1858-லேயே வந்துவிட்டது. அந்தப் பள்ளிகளுக்கெல்லாம் அச்சு எங்கிருந்து வந்ததோ அந்த ஊருக்கே போகிறோம் என்ற நினைப்பில் ஒரு சின்ன கர்வமும் இருந்தது.

பள்ளி இருந்தது ஷ்ராப்ஷயரில், வேல்ஸ் எல்லைப் பக்கம். பர்மிங்காமில் ரயில் மாற வேண்டும். 8 முதல் 13 வயது வரையான பிள்ளைகளுக்கான 'பிரெப்' பள்ளி. நம் பத்திரிகைகளில் அடிக்கடி வரும் ஈட்டன், ஹாரோ எல்லாம் 13 வயதுக்கு மேல் போகிற இடங்கள். பள்ளியின் பெயரை எழுதவில்லை. பின்னால் சம்பள விஷயம் ஒன்று வருகிறது, அதனால்.

இந்த வேலைக்கு வருகிறவர்களில் பலர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் பள்ளிப் படிப்பு முடித்துக் கல்லூரிக்கு முன் ஒரு வருடம் ஊர் சுற்ற வந்த பதினெட்டு வயதுப் பிள்ளைகள். அங்கே அவர்களுக்கு 'கேப்பி' என்று பெயர். ரக்பி, கிரிக்கெட், ஹாக்கி பயிற்சிக்கு உதவுவார்கள். பட்டம் பெற்றவர்களை 'கிராஜுவேட் அசிஸ்டன்ட்' என்பார்கள். பெயரில் இருக்கும் மிடுக்கு வேலையில் இருக்காது. காலை ஏழு மணிக்குச் சிறுமிகளை எழுப்பி, படுக்கையைச் சரிசெய்ய வைத்து, சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துப் போக வேண்டும். பிறகு வகுப்பில் படிக்கத் திணறும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்வது, மாலையில் மைதானம், 'பிரெப்' என்று சொல்லும் வீட்டுப்பாட நேரம், எட்டரைக்கு விளக்கணைப்பு. டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். சனிக்கிழமையும் வகுப்பு உண்டு, போட்டிகளும் உண்டு. எனக்கு மினிபஸ் ஓட்டத் தகுந்த உரிமம் இல்லாததால், ஆடுகளத்தின் ஓரம் மழையில் நிற்கும் வேலை என்னுடையது.

பேன் கதைக்கு வருகிறேன். ஒரு பிள்ளைக்குத் தொற்றினால் விடுதி முழுக்கச் சீப்பு போட வேண்டும். யாரிடமிருந்து வந்தது என்று மற்ற பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது. அதனால் விதிவிலக்கே இல்லாமல் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். அங்கே முறை வேறு. ஈரத்தலையில் கண்டிஷனரைத் தாராளமாகத் தடவி, நெருக்கமான பல்லுள்ள சீப்பால் வேரிலிருந்து நுனி வரை இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளை டிஷ்யூவில் துடைத்துப் பார்க்க வேண்டும். மருந்து போடுவதென்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். குன்னூர்ச் சந்தையில் அம்மா வாங்கித் தந்த பேன்சீப்பு என் பெட்டியில் இருந்தது. முதல் நாள் நான் வகிடு பிரித்து, காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் ஆரம்பித்து, ஈர் உருவிய வேகத்தைப் பார்த்து விடுதியின் மேட்ரன் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். எங்கே பயிற்சி எடுத்தாய் என்று கேட்டார். எங்கள் வீட்டுத் திண்ணையில் என்றேன். கட்டைவிரல் நகங்களுக்கு நடுவில் வைத்து 'டிக்' என்று நசுக்குவதை மட்டும் அங்கே செய்து காட்டவில்லை. ஐயா, இதற்கு எம்.ஏ. தேவையில்லை என்பது சரி. ஆனால் எட்டு வயதுப் பிள்ளையின் தலையை யார் கையில் எடுக்கிறார்கள் என்பது சின்ன விஷயமும் இல்லை.

மேட்ரனைப் பற்றிச் சொல்லாமல் இந்த வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. துணி, மருந்து, காய்ச்சல், படுக்கை நனைந்த சங்கதி எல்லாம் அவர் பொறுப்பு. பிள்ளைகளின் ஒவ்வொரு துணியிலும் பெயர் நெய்த நாடாத் துண்டு தைத்திருக்க வேண்டும். கவன்ட்ரி நகரில் கேஷ் என்ற கம்பெனி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நாடா நெய்யத் தொடங்கியது; அந்தப் பெயர்நாடாவைப் பாட்டி காலத்திலிருந்தே தைத்து வருகிற குடும்பங்கள் உண்டு. செப்டம்பர் முதல் வாரம் முழுக்க நானும் மேட்ரனும் விட்டுப்போன நாடாக்களைத் தைத்துக்கொண்டிருந்தோம். அம்மாவின் பள்ளியில் நாடா கிடையாது, அழியாத மையில் எண். 114 என்ற எண்ணுள்ள பையனின் கதையை அம்மா இன்றைக்கும் சொல்வார். அவன் பெயர் அவருக்கு மறந்துவிட்டது.

வேலை ஏறக்குறைய ஒன்றுதான், நடத்துகிற விதத்தில்தான் வித்தியாசம். வாரம் ஒருமுறை பிள்ளைகள் நலன் பற்றி ஒரு கூட்டம் நடக்கும். தலைமையாசிரியர், விடுதிப் பொறுப்பாளர், நர்ஸ், மேட்ரன், ஓர் ஓரத்தில் நான். ஒரு சிறுமி இரண்டு வாரமாக இரவில் பாலை மிச்சம் வைக்கிறாள் என்று மேட்ரன் சொன்னால், தலைமையாசிரியர் பேனாவை எடுத்து எழுதிக்கொள்வார். இதைப் போனில் சொன்னபோது அம்மா கேட்டது, "அவங்க மீட்டிங்ல உக்காருவாங்களா? நாற்காலியிலயா?" ராத்திரி எந்தப் பிள்ளை அழுகிறது, எது சாப்பிடவில்லை, எதற்குக் கடிதம் வரவில்லை என்று அம்மாவுக்கும் தெரியும். அவர் வேலை பார்த்த அத்தனை வருடத்தில் அதை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

ஞாயிறு காலை அந்தப் பள்ளியில் கடிதம் எழுதும் நேரம். மின்னஞ்சல், வீடியோ அழைப்பு எல்லாம் இருந்தும் தாளில் எழுத வைப்பார்கள். தகப்பன் ராணுவத்தில் இருக்கும் பிள்ளைகள் பலர் அங்கே படித்தார்கள். அடிக்கடி ஊர் மாறுகிற சிப்பாய்களின் பிள்ளைகளுக்கு அரசு கல்விப்படி கொடுக்கிறது. அப்படி ஒரு சின்னப் பெண், சைப்ரஸில் இருக்கும் அப்பாவுக்கு எழுதுவாள். முழுக்கச் சாப்பாட்டுப் பட்டியல். திங்கள் பாஸ்தா, செவ்வாய் மீன், புதன் மறுபடி பாஸ்தா. எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டுவாள். ஒரு ஞாயிறு சாப்பாடே இல்லாத கடிதம் வந்தது. இரண்டு வரி, தான் நன்றாக இருப்பதாக. மேட்ரனிடம் சொன்னேன். அன்று மாலையே அவளுடைய அம்மாவோடு பேசி, நெருங்கிய தோழி ஒருத்தி பேச்சை நிறுத்திவிட்ட சங்கதி வெளியே வந்தது.

அது சின்ன விஷயம். பெரிய விஷயமும் வந்தது. விளக்கணைத்த பிறகு ஒரு சிறுமி என் கையைப் பிடித்து, ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய் என்றாள். நம் ஊராக இருந்தால் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருப்பேன். அங்கே வேலையில் சேர்ந்த முதல் வாரப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்: ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. 'உன்னைப் பத்திரமாக வைத்துக்கொள்ள யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் மட்டும் சொல்வேன்' என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகும் அவள் பேசினால் கேட்க வேண்டும், தூண்டக் கூடாது. 'அவர் அடித்தாரா?' என்று நான் கேட்டால் அது என் வார்த்தை. 'அப்புறம் என்ன நடந்தது?' என்று கேட்டால் வருவது அவள் வார்த்தை. அன்றிரவே அவள் சொன்னதை அவள் சொற்களிலேயே எழுதி, தேதி, நேரம், கையெழுத்துப் போட்டு, குழந்தைப் பாதுகாப்புக்கென்று பள்ளி நியமித்திருந்த ஆசிரியையிடம் கொடுத்தேன். அவள் சொன்னது என்ன என்பதை இங்கே எழுத மாட்டேன்.

இந்தப் பயிற்சி அந்தப் பள்ளியின் பெருந்தன்மை அல்ல, அரசின் கட்டாயம். கல்வி நிலையங்களில் குழந்தைகள் பாதுகாப்புக்காக அங்கே அரசு ஒரு வழிகாட்டி வெளியிடுகிறது. பிள்ளைகளோடு நேரடியாக வேலை செய்யும் எல்லோரும் அதன் முதல் பகுதியைப் படித்தாக வேண்டும். உறைவிடப் பள்ளிகளுக்கென்று தனியாகக் குறைந்தபட்சத் தரவிதிகளும் உண்டு. ஆசிரியராகவோ விடுதி ஊழியராகவோ இல்லாத வெளி ஆள் ஒருவரின் பெயரையும் போன் எண்ணையும் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. எங்கள் விடுதியில் அது கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும். பக்கத்தில் சைல்டுலைன் என்ற குழந்தைகள் உதவி எண், 0800 1111. யார் கண்ணிலும் படாமல் பிள்ளை எழுதிக்கொள்ளத் தோதான இடம் அதுதான் என்று மேட்ரன் சொன்னார்.

அவர்கள் பிறவியிலேயே ஒழுங்கானவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுடைய உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு நடந்த பாலியல் கொடுமைகளை விசாரித்த குழுவின் அறிக்கை 2022 மார்ச்சில்தான் வெளிவந்தது. படித்தால் தூக்கம் வராது. எத்தனையோ பிள்ளைகள் வாய்திறந்தும் பெரியவர்கள் மூடிமறைத்ததற்குப் பிறகு வந்த விதிகள் இவை. நம்மிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. 2012-இன் போக்சோ சட்டத்தில், தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது குற்றம். 1098 என்ற எண்ணும் இருக்கிறது. நம் விடுதிகளில் ராத்திரி பிள்ளைகளோடு தங்குகிற வார்டனுக்கும் ஆயாவுக்கும் இதை யார் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று தலைமையாசிரியராக இருந்த ஐயாவைத்தான் கேட்க வேண்டும்.

இனி சம்பளம். போகிறவர்கள் இந்தப் பகுதியை வெட்டி வைத்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் வாரம் 35 மணி நேரம் என்று இருந்தது. எழுப்புவதிலிருந்து விளக்கணைப்பது வரை நடுவில் விட்டுவிட்டுப் பார்க்கிற வேலை என்பதால் நாள் நீண்டுகொண்டே போகும். நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வந்தேன். 50 மணியைத் தாண்டிய வாரங்கள் இருந்தன. அங்கே 2024 ஏப்ரலிலிருந்து 21 வயது நிரம்பியவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.44 பவுண்டு, 2025 ஏப்ரலில் 12.21. தங்க இடம் கொடுத்தால் அதற்காகப் பள்ளி ஒரு சிறு தொகையைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்; நாளொன்றுக்கு 2024-இல் 9.99 பவுண்டு, 2025-இல் 10.66. அதற்கு மேல் முடியாது. சாப்பாட்டை எந்தக் கணக்கிலும் சேர்க்கக் கூடாது. எங்கள் பள்ளியின் பர்சர், அதாவது கணக்கு வழக்கு பார்க்கிறவர், மூன்று வேளைச் சாப்பாட்டின் விலையையும் சேர்த்துத்தான் எனக்குக் குறைந்தபட்சக் கூலி வந்துவிடுகிறது என்று கணக்குக் காட்டினார். அரசு இணையதளப் பக்கத்தை அச்செடுத்து, என் நோட்டோடு சேர்த்து மேசையில் வைத்தேன். அதற்கு முன் ஏகாஸ் என்ற இலவசத் தொழிலாளர் ஆலோசனை மையத்துக்குப் போன் செய்து நான் சொல்வது சரிதானா என்று உறுதி செய்துகொண்டேன். சத்தம் போடவில்லை, அழவில்லை. அடுத்த டெர்மில் பாக்கியோடு சேர்த்துச் சரிசெய்தார்கள். வந்த இடத்தில் வாயைத் திறக்கலாமா என்று தயங்குகிற பிள்ளைகள் நம்மில் அதிகம் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் எனக்குச் சாதகமாக இல்லை. இரவு முறையில் விடுதியில் படுத்துத் தூங்குகிற நேரத்துக்குக் கூலி கேட்க முடியாது. பிள்ளை கூப்பிட்டு எழுந்து பார்க்கிற நேரம் மட்டுமே கணக்கு என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. வாந்திக் காய்ச்சல் பரவிய ஒரு வாரத்தில் அந்தக் கணக்கே தனியாக ஒரு பக்கம் வந்தது.

2025 ஜனவரியில் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத வாட் வரி வந்தது. பெற்றோர்கள் முணுமுணுத்தார்கள், பள்ளி சிக்கனத்தில் இறங்கியது, என்னோடு இருந்த இன்னொரு உதவியாளர் போன இடத்தில் புது ஆள் போடவில்லை. இப்போது போகிறவர்கள், விடுதியில் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று நேர்காணலிலேயே கேளுங்கள்.

இன்னும் முக்கியமானது விடுமுறை. கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கோடை என்று மூன்று விடுமுறையிலும் விடுதியைப் பூட்டிவிடுவார்கள். கோடையில் மட்டும் ஏறக்குறைய இரண்டு மாதம். அப்போது உங்கள் அறை உங்களுக்கு உண்டா, சம்பளம் உண்டா என்பது ஒப்பந்தத்தில் ஒரு வரியில் இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. எனக்கு இருக்கவில்லை. லண்டன் ஈஸ்ட் ஹாமில் யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர் மாடி அறையைக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தார். சர்ச் ரோடு முருகன் கோயிலில் பொங்கல் வாங்கிச் சாப்பிட்ட பிறகுதான் ஷ்ராப்ஷயரின் வேகவைத்த உருளைக்கிழங்கு நாக்கைவிட்டுப் போனது. அந்த வீடு கிடைத்திராவிட்டால் கையிலிருந்த காசு ஹாஸ்டல் வாடகைக்கே போயிருக்கும்.

இந்த விசா இரண்டு வருடத்துக்குத்தான். நீட்டிக்க முடியாது, இரண்டாவது முறை கிடைக்காது, குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது, இதை வைத்து அங்கே குடியேற முடியாது. குடியுரிமை வரை போகலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஆசிரியர் வேலை என்று சொன்னாலும் நம்பாதீர்கள். இது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. மூக்கு ஒழுகுகிற, பொய் சொல்கிற, தோற்றால் அழுகிற பிள்ளைகளோடு நாள் முழுக்க இருக்கப் பிடிக்காதவர்கள் வேறு வேலை தேடுவது அவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நல்லது.

திரும்பி வந்து இந்தப் பெண்கள் என்ன செய்வார்கள் என்றும் ஐயா கேட்டிருந்தார். நான் இப்போது நீலகிரியில் ஒரு பள்ளி விடுதியில் பொறுப்பாளர். சம்பளம் அங்கே வாங்கியதில் சிறு பங்குதான். வேலையில் சேரும்போது ஒரு நிபந்தனை வைத்தேன்: வாரக் கூட்டத்தில் ஆயாக்களும் உட்கார வேண்டும். முதல் இரண்டு கூட்டத்தில் அவர்கள் வாயே திறக்கவில்லை. மூன்றாவதில் ஒரு அக்கா, ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் செருப்பில்லாமல் நடப்பதைப் பற்றிச் சொன்னார். பெரிய பையன்கள் பிடுங்கி வைத்திருந்தார்கள்.

ஐயாவின் பேத்தியும் இந்தக் குலுக்கலுக்குப் பெயர் கொடுக்க நினைப்பதாகக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தார். குலுக்கல் திறந்திருப்பது வழக்கமாக இரண்டே நாள். பாஸ்போர்ட் இல்லையென்றால் அதற்கு இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குன்னூர் வாசகி
(பெயரை வெளியிட வேண்டாம்)